முத்திரைக்குக் கீழே எழுதப்படாத சொற்கள்

அன்சார் மௌத்தான செய்தி எனக்குக் காதால் வரவில்லை, கண்ணால் வந்தது. காலையில் கடை திறக்கப் போகும் வழியில், மின்கம்பத்தில் ஒட்டியிருந்த தாள் ஒன்றை நின்று வாசித்தேன். அறுபத்தேழு வயதில் எழுத்துப் படித்தவனுக்கு எந்தத் தாளைக் கண்டாலும் விட்டுப் போக மனம் வராது. "ஜனாஸா அறிவித்தல்" என்ற முதல் வரி தட்டாமல் வந்துவிட்டது. ஒருவருடைய உதவியும் இல்லாமல் நான் வாசிக்கும் முதல் தாள் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். அடுத்த வரியில் அ வந்தது, ன் வந்தது, சா வந்தது. கடைசி எழுத்தை வாசிக்க எனக்கு விருப்பம் இருக்கவில்லை.

மறைந்தவருக்காக ஓதும் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரை அறிவீர்கள். பதினொரு வயதில் காய்ச்சலில் பார்வையை இழந்தவர். பிறகு வெளியூர் விடுதியில் தங்கி இங்கிலீசும் கணினியும் படித்தவர். நான் சம்மாந்துறை வயல்களில் கூலிக்கு நின்று, முதுகு ஏலாமல் போனபின் கல்முனையில் கோல் எடுக்க, போட்டோகொப்பி அடிக்க ஆட்கள் வரும் ஒரு கொமியூனிகேசன் கடையைக் கூட்டித் துடைத்துக் காவல் இருப்பவன். இதை நானே எழுதுகிறேன். எட்டு நாளாக எழுதுகிறேன். ஒரு சொல் முடியும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது. சொல்ல வந்த விஷயம்தான் கசப்பு.

எங்கள் கடைக்கு இணையம் வந்த வருடம், அன்சார் நிந்தவூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரத் தொடங்கினார். திரையில் உள்ள எழுத்தை இங்கிலீசில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை டிஸ்க்கில் கொண்டுவந்து கடைக் கணினியில் போட்டிருந்தார். வெளிநாட்டுப் பக்கங்களை அது மளமளவென்று வாசிக்கும். ஆனால் அவர் சேர விரும்பிய பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போனால், "இமேஜ்" என்று ஒரு சொல்லோடு நின்றுவிடும்.

"படமாம் சாச்சா," என்றார் அன்சார்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் மூன்று மொழி அறிவித்தல்களையும் கடதாசியில் அடித்து, கையொப்பம் வைத்து, முத்திரை குத்தி, அந்தக் கடதாசியையே படம் பிடித்துத் தளத்தில் ஏற்றுவார்கள். படத்தை அவருடைய மெசினால் வாசிக்க ஏலாது. முதலாளியைக் கேட்டால், "பிறகு பார்ப்பம்" என்பார். கடையில் மிச்சம் இருந்தவன் நான்.

"எனக்கு ஒரு எழுத்தும் தெரியா மகன்," என்றேன்.

"பார்க்கத் தெரியும்தானே? என்ன உருவம் எண்டு செல்லுங்க. எழுத்து எனக்கு ஞாபகம் இரிக்கி."

"வாய் திறந்த பெட்டி மாதிரி ஒண்டு."

"அது ப."

"வரம்பு மூலை மாதிரி ஒண்டு. தலையில புள்ளி."

"ட். பிறகு?"

"அதே மூலை. புள்ளி இல்ல."

"ட."

"பழைய பெட்டிதான். ஒரு பக்கம் உள்ளுக்கு மடிஞ்சி போச்சி. இதுக்கும் தலையில புள்ளி."

அவர் சிரித்துவிட்டார். "பட்டம், சாச்சா. நான் எடுக்கப் போறது."

நான் வாசித்த முதல் சொல் அதுதான். அப்படியே ஏழு மாதம் போனது. அவர் அறிவித்தல்களை அறிந்தார், நான் எழுத்துகளை அறிந்தேன்.

அதில் அவருக்குத் திருப்தி இல்லை. அந்தப் படத்துக்குக் கீழே அதே சொற்களை எழுத்தாகவும் போடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது. கையொப்பமும் முத்திரையும் இல்லாத அறிவித்தல் செல்லுபடியாகாது என்று அதில் இருந்தது. அதன் அடியிலும் முத்திரை.

"முத்திரையக் கழட்டவா செல்லிட்டன்? அதுக்குக் கீழ நாலு சொல்லுப் போடத்தானே கேட்டன். முத்திரைய நக்கிப் பார்த்தா வாசிக்க ஏலுமா சாச்சா?" என்றார்.

முதலாளி அவரைத் தேற்ற நினைத்து, "உனக்கென்ன அன்சார், வாசிச்சித்தரச் சாச்சா இரிக்காரே," என்றார். அதற்கு அன்சார் என் பக்கம் திரும்பிச் சொன்னதை நான் மறக்கவில்லை.

"சாச்சா நல்ல மனிசன். ஆனா நல்ல மனிசன் இல்லாத நாளையிலயும் நான் வாசிக்கோணும்."

அன்று எனக்கு மனம் கொஞ்சம் நொந்தது. என் உதவி போதாதா என்று நினைத்தேன்.

அந்த நாளும் வந்தது. நான் காய்ச்சலில் ஒன்பது நாள் படுத்துவிட்டேன். அதற்குள் நேர்முகத் தேர்வை இரண்டு நாள் முன்னால் தள்ளி, புதிய அறிவித்தலைப் படமாகப் போட்டார்கள். மெசின் வழக்கம்போல "இமேஜ்" என்றது. பழைய படம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் சொல்லிக் கொடுத்திருந்த பழைய திகதிக்கு, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, ஒரு முழு நாள் பஸ்ஸில் போனார். எல்லாம் முடிந்திருந்தது.

"தளத்தில போட்டிருந்தமே, பார்க்கல்லையா?" என்று அங்கிருந்த அதிகாரி கேட்டாராம்.

"ஒவ்வொரு நாளும் பார்த்தன் சேர். படம் எண்டு செல்லிச்சி," என்றாராம் இவர்.

கடையில் வந்து இதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். முதலாளியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தார். இந்த முறை நான் படுக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்குச் சரியான நாளில் போய் வந்தார். முடிவு வரும் என்று காத்திருந்த நாளில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள், நான் மின்கம்பத்தில் வாசித்த செய்தி.

அவரை அடக்கிப் பதினாறு நாள் கழிந்தபின், தெரிவானவர்களின் பட்டியல் வந்திருக்கிறது என்று முதலாளி சொன்னார். அன்சாருடைய மெசினையும் போட்டுவிடச் சொன்னேன். "இப்ப ஆருக்குச் சாச்சா?" என்றார். ஆனாலும் போட்டார்.

"இமேஜ்" என்றது.

முத்திரை வட்டமாக, நீலமாக, நன்றாகத் தெரிந்தது. அதற்கு மேலே பதினான்காவது வரியில் அவருடைய பெயர் இருந்தது. இந்த முறை கடைசி எழுத்தையும் வாசித்தேன். சத்தமாக வாசித்தேன். முதலாளி என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன் சாச்சா," என்றார்.

அன்சார் எனக்குத் தந்தது இந்த எழுத்துகள். இன்றும் ட எனக்கு வரம்பு மூலைதான், ப வாய் திறந்த பெட்டிதான். அவர் கேட்டது இது அல்ல. நான் வாசிக்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் யாரிடமும் கேட்கவில்லை. தான் வாசிக்க வேண்டும் என்றுதான் கேட்டார். நான்காவது கடிதத்தை நான் எழுதுகிறேன். இன்னும் முடியவில்லை. என் கை மெதுவான கை. முத்திரைக்குக் கீழே நாலு சொல் போடுங்கள் என்ற வரி மட்டும் எழுதியாகிவிட்டது.