ஷாமினிக்குச் சடை விழுந்த கதை

"என் மக தலையில கத்திரி வைக்கிற கை இந்த ஒலகத்துல இன்னும் பொறக்கல!"

சிரம்பானை அடுத்த கோலா சாவாவுக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் முனியாண்டி கோயிலின் வருடாந்திரப் பூசையில், ஆலயத் தலைவர் தங்கராஜு மைக்கைப் பிடித்துக்கொண்டு இப்படி முழங்கினார். மைக் ஒருமுறை கீச்சென்று அலறியது. அதையும் அவர் ஆதரவாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய தோளில் மகள் ஷாமினி உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து கத்திரியையே காணாத அவள் முடி அப்பாவின் நெற்றி வழியாக இறங்கி, கழுத்து மாலையோடு கலந்து, பேச்சுக்கு நடுவே அடிக்கடி அவர் வாய்க்குள் போய்வந்தது.

"முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட முடி இது! கோயில் கட்டி முடிச்சு, கும்பாபிஷேகம் நடந்து, அய்யா காலடியிலதான் எறங்கும். அதுக்கு முன்னுக்கு ஒரு மயிரு..." என்று தொடங்கியவர், பெண்கள் பக்கம் பார்த்துவிட்டு, "ஒரு முடிகூட கீழ விழாது" என்று திருத்திக்கொண்டார்.

பலத்த கைதட்டல். பின்னால் கடா வெந்துகொண்டிருந்ததால் கூட்டம் எதற்கும் கைதட்டுகிற மனநிலையில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தங்கராஜு அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரியை ஓட்டினார். தலைவர் பதவியை அவர் தேடிப் போகவில்லை. முந்தைய தலைவர் செண்டாயானில் வீடு வாங்கிக்கொண்டு போன பிறகு, மிஞ்சியிருந்தவர்களில் உரத்த குரல் அவருடையதாக இருந்தது, அவ்வளவுதான்.

பழைய பலகைக் கோயிலை இடித்துக் கல்கோயிலாகக் கட்டுவது என்று முடிவானபோது, முறைப்படி சாமியைப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். சுவரை இடித்தார்கள். நான்கு தூண்கள் எழும்பின. அதற்குள் தோட்டம் கைமாறியது. புதிதாக வாங்கிய வீடமைப்பு நிறுவனம், இங்கே கட்டாதீர்கள், சாலையோரம் ஒரு துண்டு நிலம் தருகிறோம், அங்கே போங்கள் என்றது. போக மாட்டோம் என்றது ஆலயக் குழு. அவர்கள் கட்ட விடவில்லை, இவர்கள் நகரவில்லை. தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் மட்டும் கடமை தவறாமல் துருப்பிடித்தன.

கொட்டகையில் இருக்கும் சாமிக்கு முதல் முடி கொடுப்பது முறையா என்று ஒரு நாள் கேள்வி எழுந்தது. குழு கூடி ஆழமாக ஆராய்ந்து, முறையல்ல என்று தீர்மானித்தது. முன்மொழிந்தவர் தங்கராஜு. வழிமொழிந்தவர் செயலாளர் தேவன். வேறு யாரும் அன்றைக்கு வரவில்லை.

அப்படியாக முடி வளர்ந்தது. அதை வளர்த்த பெருமை தங்கராஜுவுடையது; தினமும் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, இரட்டைச் சடை பின்னுகிற வேலை அவர் மனைவி புனிதாவுடையது. தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தபோது புனிதாவின் வேலையும் போனது. ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. தங்குமிடமும் அங்கேதான். எப்போதாவது லீவு கிடைத்தால்தான் வீடு.

சிரம்பான் பேருந்து நிலையத்தில் அவள் ஏறுவதற்கு முன் சொன்னாள்: "என்னாங்க, முடிய நுனியிலேர்ந்து சீவணும். மேலேர்ந்து இழுத்துறாதீங்க. ஈரத்தோட கட்டாதீங்க."

"ஏய், குலை ஏத்துன லோரிய மேட்டுலயே ரிவர்ஸ் எடுக்கிறவன் நானு. என்கிட்ட சீப்பு புடிக்கிறதுக்கு பாடம் எடுக்கிறியா?"

"லோரி அழாது" என்றாள் புனிதா. ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, மகளைப் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தங்கராஜு சீப்பை உச்சந்தலையில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஷாமினி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. நிறுவனத்து அதிகாரிகளுக்கு முன்னால் மேசையைத் தட்டிப் பேசியவர் அந்த அழுகைக்குப் பயந்து சீப்பைக் கீழே போட்டார். இன்னொரு முறை முயன்றார். சிக்கு அவிழவில்லை, மேலிருந்ததெல்லாம் பிடரிக்கு இறங்கி ஒன்றுகூடியது.

"வேணாம்ப்பா, வேணாம்ப்பா, அம்மா வந்து சீவட்டும்!"

ஒரு தலைவருக்குரிய விவேகத்தோடு அவர் சமரசத்துக்கு வந்தார். மேலே தெரிகிற முடியை மட்டும் தண்ணீர் தொட்டுப் படிய வாரி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார். உள்ளே இருப்பதைத் தொடவில்லை. பார்ப்பதற்கு வகிடு எடுத்த லட்சணமான தலை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. ஷாமினி அழவில்லை. இரு தரப்புக்கும் திருப்தி.

உள்ளே இருந்தது தன் பாட்டுக்கு வளர்ந்தது. எலுமிச்சம்பழம் போல இருந்தது உளுந்து வடையானது. ரம்புத்தான் பழச்சாறு, லோரி இருக்கையின் நார், ஈரம், வியர்வை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு தேங்காய் மூடி போலக் கெட்டிப்பட்டது. தங்கராஜு ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வந்தார்.

போனில் முகம் பார்த்துப் பேசும்போது புனிதா கேட்டாள்: "தொப்பி எதுக்கு?"

"குளிருது பிள்ளைக்கு."

"கோலா சாவாவுல குளிருதா?"

"மழைலா இங்க" என்றார் தங்கராஜு. அவருக்குப் பின்னால் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. புனிதா அந்த வெயிலையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போக வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

ஷாமினி போகிற பாலர் பள்ளியான தாடிகாவின் ஆசிரியை நேராகவே சொன்னாள்: "அண்ணே, பாப்பா தலையில பேன் இருக்கு. மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும். சரி பண்ணிட்டுக் கூட்டிட்டு வாங்க." அதற்குப் பிறகு ஷாமினி தாடிகாவுக்குப் போகவில்லை. அப்பா வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு ராக்கம்மாவிடம் இருந்தாள். குளிப்பாட்டுவதற்காக ஒரு நாள் ராக்கம்மா தொப்பியைக் கழற்றினாள்.

தங்கராஜு லோரியை நிறுத்திவிட்டு வந்தபோது, மகள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே சூடம் எரிந்தது. ராக்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி! சடை விழுந்திருக்கு தம்பி! முனியாண்டி பிள்ளை மேல எறங்கிட்டாரு! இத போயி தொப்பி போட்டு மறைச்சியே, பாவி!"

சீப்புக்கு அடங்காமல் முடி தானாகத் திரண்டால் அது சாமி பிடித்த தலை, அதில் கத்திரி வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். தங்கராஜுவுக்கும் தெரியும். கூடவே, இந்தச் சடை எப்படி விழுந்தது என்பதும் தெரியும். அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"அக்கா, அது வந்து..." என்றார். மைக் இல்லாத இடத்தில் அவருக்கு வாக்கியம் முடியவில்லை.

அதற்குள் தேவன் மோட்டாரில் வந்து இறங்கினான். சடையைச் சுற்றிவந்து பார்த்தான். கண்கள் கலங்கின.

"தலைவரே, இனிமே எவன் நம்ம கொட்டகைய தொடுவான், சொல்லுங்க? சாமி ஆளு மேலயே உக்காந்துட்டாரு. இதாலா நம்ம கேசு!"

"இல்ல தேவா, நான் சரியா சீவாம..."

"நீங்க எங்க சீவுறது! அவரு சீவ விடல, தலைவரே!"

தங்கராஜு ஒரு நிமிடம் யோசித்தார். அப்படியும் இருக்கலாமோ என்று அவருக்கே தோன்றியது. தன் குற்றத்தை முனியாண்டி இவ்வளவு பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்ளும்போது குறுக்கே நிற்பது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்துவிட்டார்.

ஆட்கள் வந்தார்கள். எலுமிச்சம்பழம், பால், பூமாலை. மந்தின் ஊரிலிருந்து வந்த ஒருவர், லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டு நகராமல் நின்றார். அவர் போனால் போதும் என்று ஷாமினி கோபத்தில் விரல்களை நீட்டினாள். அதை எழுதிக் கட்டியவருக்கு ஒரே ஓர் இலக்கத்தில் பரிசு தப்பியது. பரிசு விழுந்திருந்தால் அவர் ஒருவர்தான் நம்பியிருப்பார். தப்பியதால் மந்தின் பாதி நம்பியது.

சாமித் தலைக்கு ஷாம்பு ஆகாது என்றாள் ராக்கம்மா. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், விபூதி போட்டார்கள், வந்தவர்கள் எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள். சடையிலிருந்து புளித்த வாடை வரத் தொடங்கியது. ஷாமினியால் மல்லாந்து படுக்க முடியவில்லை. குப்புறப் படுத்து, தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு தூங்கினாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போனாள்.

"அப்பா, சாமிய போகச் சொல்லு."

"எங்கடா போகச் சொல்றது?"

"அவங்க வீட்டுக்கு."

தங்கராஜு ஜன்னல் வழியாகப் பார்த்தார். தூரத்தில் நான்கு தூண்கள் நின்றன. 

பிடரியில் தோல் கிழிந்து சீழ் வைத்தபோது, யாருக்கும் சொல்லாமல் கிளினிக்குக்குத் தூக்கிப் போனார். புண்ணுக்கு மருந்து போடும் மலாய்க்கார மிஸ்ஸி சடையைத் தூக்கிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "பொத்தோங் சஜாலா, அபாங்" என்று இரண்டு விரலைக் கத்திரி போல ஆட்டிக் காட்டினாள். புண்ணுக்கு மருந்து போட இடமே இல்லை, முடி உள்ளேயே இழுத்துக்கொண்டிருக்கிறது, விட்டால் பரவும் என்றாள். தங்கராஜு தலையை ஆட்டினார்.

ஆனால் வெள்ளிக்கிழமை மாநில அதிகாரி ஒருவர் நிறுவனத்தாரோடு கோயில் இடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. ஷாமினியைக் கொட்டகை முன்னால் உட்காரவைப்பது என்று தேவன் ஏற்பாடு செய்திருந்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தங்கராஜு கணக்குப் போட்டார். தலை யாருடையதோ அவளிடம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஷாமினிக்குக் காய்ச்சல். தலையணை உறையில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. பட்டுப்பாவாடை போட்டுவிடும்போது அவள் அழக்கூட இல்லை. பொம்மையைப் போல கைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள். போன் அடித்தது.

"தலைவரே, இன்னிக்கு வரலையாம். மீட்டிங் இருக்காம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு சொல்றாங்க."

"அடுத்த மாசமா?"

"ஆமா. பாப்பாவ அப்படியே வச்சிருங்க. தண்ணி கிண்ணி ஊத்திறாதீங்க தலைவரே, சடை லூசாயிரும்."

"பிள்ளைக்கு காய்ச்சல் தேவா."

"சாமி இருக்கிற ஒடம்பு, சூடு இருக்கத்தான்லா செய்யும்" என்றான் தேவன். அவன் கெட்டவன் இல்லை. உண்மையாகவே நம்பினான்.

தங்கராஜு போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். அடுப்படியில் மீன் துடுப்பு நறுக்குகிற கத்திரி தொங்கியது. அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி, துடைத்தார். பட்டுப்பாவாடையைக் கழற்றிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் குளிக்கிற இடத்துக்குப் போய், தரையில் உட்கார்ந்து மடியில் குப்புறக் கிடத்திக்கொண்டார்.

முனியாண்டி கையில் அரிவாள் வைத்திருக்கிற சாமி. அது தங்கராஜுவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் யார் சீவினார்கள், யார் சீவாமல் மூடி வைத்தார்கள் என்பதும் அந்தச் சாமிக்குத் தெரிந்துதானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்பா, சீவப் போறியா?"

"இல்லடா."

"வலிக்குமா?"

தங்கராஜு கத்திரியின் முனையைத் தடவிப் பார்த்தார். "தெரியலடா. மெதுவா செய்றேன்."

கத்திரி மொட்டை. சடை மரப்பட்டை போல இருந்தது. ஒரேயடியாக வெட்ட முடியவில்லை. தோலுக்கும் சடைக்கும் நடுவே இடது கை விரலைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, விரல் இருக்கும் இடம் வரை மட்டும் வெட்டினார். ஒரு தடவை தன் விரலையே வெட்டிக்கொண்டார். யாரோ வாசல் கதவைத் தட்டி, "பாப்பா இருக்கா?" என்று கேட்டார்கள். இரண்டு பேருமே குரல் கொடுக்கவில்லை. தட்டியவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"முடிஞ்சிச்சா?" என்றாள் ஷாமினி ரகசியமாக.

"இன்னும் கொஞ்சம்டா" என்றார் தங்கராஜு, அதே ரகசியக் குரலில்.