இல்லாத பிரேக்கும் இருக்கிற பிரேக்கும்

போன கிழமை ஒரு குட்டி விமானத்தைப் பனியில் பம்பரமாகச் சுற்றவிட்டேன். ஓட்டியது நானல்ல. எனக்கு ஓட்டவும் தெரியாது. வில்லங்கமே அதுதான்.

சிட்னியில் நம்மவர்களிடம் ஒரு வழக்கம். இந்த நாட்டுக்கு முந்தி வந்தவர், பிந்தி வந்தவருக்குக் கார் பழக்க வேண்டும். நார்த்மீட் பக்கம் அந்தப் பாவப்பட்ட முந்தி வந்தவர் — நான். பக்கத்து சீட்டில் இருப்பவனிடம் என்ன ஆயுதம் இருக்கிறது? வாயும் வலது காலும்தான். "பிரேக், பிரேக்!" என்று கத்திக்கொண்டே காரின் தரையை மிதிப்பேன். அங்கே பிரேக் கிடையாது. ஆனாலும் மிதித்தால் ஒரு நிம்மதி...

அப்படி என்னிடம் பழகியவர் பல் டாக்டர் நடேசன். இன்றைக்கும் என்னை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். இப்போது விமானம் ஓட்டவும் லைசென்ஸ் எடுத்துவிட்டார்.

"வாங்கோ மாஸ்டர், பனிமலையைக் காட்டுறன்."

மாட்டேன் என்றால் மாஸ்டரின் மானம் என்னாவது? முன் சீட்டில் ஏறினேன்.

"உங்கட காலடியிலயும் ரெண்டு பெடல் இருக்கு, ஒவ்வொண்டும் ஒரு பக்கச் சக்கரத்துக்கு. எனக்கு இருக்கிற அதே பிரேக்தான். தப்பித் தவறியும் மிதிக்காதேங்கோ. பனியில பிரேக் பிடிச்சா சறுக்கிப்போடும்."

"ஓம், ஓம்." பல்லுப் பிடுங்கும் கதிரையில் இருந்து சொல்கிற அதே 'ஓம்'.

கீழே ரோட்டுப் பலகைகளில் நாடே மைலைக் கிலோமீட்டராக மாற்றிக்கொண்டிருக்கிறது. மேலே என் பயம் இன்னும் மைல் கணக்கில்தான் இருந்தது.

இறங்கியது அருமை. பனி மூடிய ஓடுபாதையில், பிரேக்கைத் தொடாமலே வேகம் தானாகக் குறையவிட்டார். பிறகு நடை வேகத்தில் ஊர்ந்தோம். ஓரத்தில் இன்னொரு விமானம் நின்றது. அதை நோக்கி நாங்கள் வழுக்கிப் போவதாக எனக்குப் பட்டது.

"நடேசன், பிரேக்!"

"வேண்டாம் மாஸ்டர், இடம் கிடக்கு—"

என் வலது கால் அதற்குள் போய்விட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் மிதித்த இடத்தில் பிரேக் இருந்தது!

ஒரு பக்கச் சக்கரம் இறுகியது. வால் முன்னுக்கு வந்தது. மற்ற விமானத்தின் இறக்கை என் ஜன்னலை உரசாத குறையாகக் கடந்து போனது. மூக்கு எதிலும் முட்டவில்லை; பின்பக்கம் ஒரு பனிக்குவியலில் குந்த, நின்றோம்.

நடேசன் எஞ்சினை நிறுத்தினார்.

"காலை எடுங்கோ மாஸ்டர்."

"எடுத்திட்டன்."

"இல்லை. இன்னும் மிதிச்சுக்கொண்டுதான் இருக்கிறியள்."

குனிந்து பார்த்தேன். உண்மைதான்.

பயம் வந்தால் எதையாவது செய்தே தீரவேண்டும் என்று நினைக்கிறோம். பனியில் தப்பும் வழியோ, சும்மா இருப்பது. அதைவிடக் கஷ்டமான வேலை உண்டா, சொல்லுங்கள்?

திரும்பும்போது எனக்குப் பின் சீட். விமானத்தளத்திலிருந்து வீட்டுக்கு நடேசனின் கார், மறுபடி முன் சீட். பரமட்டா சந்தியில் சிவப்பு விளக்கு. என் கால் பாய்ந்து மிதித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்து சீட்டுக்குப் பிரேக் வைக்காமல் கார் செய்தானே... அவன் கெட்டிக்காரன்!