இரண்டு எழுத்தில் போகப் பார்த்த தாலி

போன மாதம் தேவாரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். காபி டம்ளரைக் கையில் வாங்கியதுதான் தாமதம் — பக்கத்து வீட்டில் ஒப்பாரி!

ஓடினேன். பேச்சியம்மாள் சுவரில் கையை அறைந்து வளையல்களை உடைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டெல்லாம் ரத்தம். புருஷன் வீரணனுக்கு மலைமேல் டீ எஸ்டேட்டில் வேலை. அங்கிருந்து கிளார்க் எழுதிய கடிதம் வந்திருக்கிறது, இங்கிலீஷில். தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒரே ஒருவர், கோர்ட்டில் இருந்து ரிடையரான குமாஸ்தா. படித்துவிட்டு, "வீரணன் தவறிட்டாராம்" என்று சொல்லிவிட்டார்.

"எப்பிடிப் போனாக? கடிதாசில என்னதான் போட்டிருக்கு? முழுசாச் சொல்லுங்கய்யா!" என்று கதறினாள் பேச்சியம்மாள்.

கடிதத்தை வாங்கினேன். மூன்றே வரி. உன் புருஷன் காலமானார். கம்பளி ஒன்று கொடுத்தனுப்பவும். பசு கன்று போட்டுவிட்டதா என்று கேட்கிறார்.

கேட்கிறாரா... யார்?

"கம்பளி எதுக்காம்?" என்றேன் குமாஸ்தாவிடம்.

"பிரேதத்தை மூடத்தான்."

"பசு?"

"எழவு வீட்டுல மாட்டுப் பேச்சு எதுக்குன்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள்! இங்கிலீஷில் நோயாளிக்கு 'diseased' என்று ஒரு சொல், காலமானவருக்கு 'deceased' என்று ஒரு சொல். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஐ, எஸ் போட வேண்டிய இடத்தில் ஈ, ஸீ போட்டிருக்கிறார் எஸ்டேட் கிளார்க். மனிதர் முடிந்தார்!

"வீரணன் படுத்திருக்கார் ஆத்தா, சாகலை" என்றேன்.

பேச்சியம்மாள் அழுகையை நிறுத்தினாள். "நெசமாவா? உசுரோட இருக்காகளா?"

தலையாட்டிவிட்டேன். நான் சொன்னது தப்பாகிவிட்டால்?

விடிந்ததும் அவளுடைய அண்ணன் கம்பளியோடு மலையேறினார். மறுநாள் இறங்கி வந்து தெருமுனையிலேயே கத்தினார்: "ஏலே, மாப்ள இருக்காகடா! மலைக்காய்ச்சல். கஞ்சி குடிக்கிறாக!"

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு, "அந்த கிளார்க்கு என்ன சொன்னான்?" என்றாள்.

"ரெண்டெழுத்துதான மாறிப்போச்சுங்கிறான்."

ரெண்டெழுத்துதானாம்! நான் கேட்கிறேன்: எழுதச் சொன்னவர் தமிழர். கேட்கிறவள் தமிழச்சி. எழுதிய கிளார்க்குக்கும் வீட்டில் தமிழ்தான். 'காய்ச்சல்' என்று எழுதினால் அவருடைய பேனா முறிந்துவிடுமா? தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவது கௌரவக் குறைச்சலா? அதைப் படித்தவருக்காவது மூன்றாவது வரிவரை மூளை வேலை செய்ய வேண்டாமா?

பத்து நாள் கழித்து வீரணன் மெலிந்து, தடியூன்றி ஊர் வந்து சேர்ந்தார். குமாஸ்தா நலம் விசாரிக்க வந்தார். கூடவே அந்தக் கடிதத்தையும் எடுத்து வந்திருந்தார்.

"பாருங்க வீரணன், இதுல உள்ளபடி நீங்க செத்துட்டீக. நான் படிச்சதுல தப்பு உண்டா?"