மரக்காணத்தில் பெண் கேட்கப் போனோம்

2005 மே, ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறினோம். டிக்கெட் பத்து ரூபாய். நான் சி.எஸ்.ஐ. சபை. என் நண்பன் தானியேலும் அவன் அம்மா எஸ்தரும் பெந்தெகொஸ்தே. அவனோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஆரோக்கியமேரியைப் பெண் கேட்கப் போகிறோம். அவள் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கப் பெண்.

பெருமுக்கல் தாண்டியதும் எஸ்தரம்மா என்னிடம் சொன்னார்: "குழந்தையில தலையில தண்ணி தெளிச்சா ஞானஸ்நானம் ஆயிடுமாப்பா? பொண்ணு முழுகி எழுந்தாத்தான் கல்யாணம். இவன்கிட்ட அவளுக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."

தானியேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கும் தெளித்ததுதான்.

நண்பகலில் மரக்காணம். உப்பளங்களின் வெண்மையில் கண் கூசியது. பெண்ணின் அப்பா அந்தோணி உப்பள மேஸ்திரி. பஸ் ஸ்டாப்புக்கே வந்து "தோத்திரம்மா" என்றார். "ஸ்தோத்திரம்" என்றார் எஸ்தரம்மா. ஓர் எழுத்துதான் வித்தியாசம்!

ஒரு மணிக்கு இலை போட்டார்கள். மீன் குழம்பு மணந்தது. அந்தோணி "விண்ணுலகில்" என்று ஜெபத்தை ஆரம்பிக்க, எஸ்தரம்மா அதே நேரம் "பரமண்டலங்களில்" என்று ஆரம்பிக்க, ஒரே ஜெபத்தின் இரண்டு சபை வாசகங்களும் மோதி நின்றன.

"நீங்க சொல்லுங்கம்மா."

"இல்ல, பொண்ணு சொல்லட்டும். மனப்பாடம் வேணாம். சொந்தமா ஜெபம் பண்ணட்டும்."

அந்தோணியின் முகம் வாடியது. ஆரோக்கியமேரி கையில் கரண்டியோடு கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, நான் கைக்குழந்தையா இருந்தப்பவே என்னை உங்க பிள்ளைன்னு சொல்லிட்டீங்க. அதை இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அத்தைக்கு வருத்தம் வராம நீங்களே எடுத்துச் சொல்லுங்க. அவங்க முட்டிவலியைச் சரியாக்குங்க. இந்த மீன்ல முள்ளு அதிகம். இவரு பேசிக்கிட்டே சாப்பிடுவாரு, பார்த்துக்கோங்க."

"ஆமென்! அல்லேலூயா!" என்று எஸ்தரம்மா தன்னை மறந்து கூவினார். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இப்படி ஜெபம் பண்றவளை இன்னும் எந்தத் தண்ணியில முக்கறது?"

"அப்போ கல்யாணம் எந்தக் கோயில்லம்மா?" என்று தயங்கிக் கேட்டார் அந்தோணி.

"ரெண்டுலயும் வெச்சுக்கலாம். விருந்து மட்டும் ஒண்ணு போதும்!"

நாலரை மணி பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் ஊரில் பைபிளோடு புது ஆள் வந்தால், பேருக்கு முன்னால் சபையைத்தான் கேட்போம். பக்கத்து சீட்டுக்காரரும் என் மடியிலிருந்த பைபிளைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள்லாம் ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேவா?"

எங்கிருந்து தொடங்குவது என்று நான் யோசிப்பதற்குள் முன் சீட்டிலிருந்து எஸ்தரம்மா திரும்பினார்.

"நாங்க கல்யாண வீட்டுக்காரங்க."