ஆவடியில் தள்ளிவிட்ட சாக்கு

எண்பதுகளில் கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸ் ஆவடியில் நிற்காது. சிக்னலுக்காக ஊர்ந்து போகும். எங்களுக்கு அதுவே போதும். ஊரிலிருந்து திரும்பும் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர்கள் மூட்டையை அங்கே தள்ளிவிட்டு, சென்ட்ரல்வரை போய், வெறுங்கையோடு லோக்கலில் திரும்புவோம். மூட்டையை எடுக்க வீட்டு ஆள் சைக்கிளோடு கீழே நிற்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில், அரக்கோணத்தில் ஒரு அம்மாள் யூரியா சாக்கோடு ஏறினாள். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம்.

"இது ரிசர்வேசனுங்க," என்றேன்.

"ஓரமா குந்திக்கிறேம்மா. பொண்ணு புள்ள பெத்து எழும்பூர் ஆஸ்பத்திரில கீது."

சாக்கை என் சீட்டுக்கடியில், என் சாக்கை ஒட்டித் தள்ளிவிட்டு, கீழே உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள்.

ஆவடியில் என் கணவர் தண்டவாளத்தோரம் நின்று கையசைத்தார். அவசரத்தில் கைக்குச் சிக்கிய சாக்கை இழுத்து வெளியே தள்ளினேன்.

சென்ட்ரலில் அந்த அம்மாள் விழித்து, "ஐயோ, என் மூட்டையக் காணமே!" என்று அலறினாள். "பொருளப் பத்தரமாப் பாத்துக்கோணுமுங்க," என்று நான் உபதேசம் வேறு செய்தேன். சொல்லி வாய் மூடவில்லை, போர்ட்டர் சீட்டுக்கடியிலிருந்து இன்னொரு சாக்கை இழுத்தார். அதன் வாயில் என் அம்மா கட்டிய சிவப்புச் சேலைக் கிழிசல். பெட்டியே என்னைப் பார்த்தது. கூசிப் போனேன்.

அவளையும் கூட்டிக்கொண்டு லோக்கலில் திரும்பினேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் தேங்காய்ச் சாக்குக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே என் வாயில் சர்க்கரையைப் போட்டாள். உள்ளே, கணவர் சாக்கைப் பிரித்துக் கட்டிலில் பரப்பியிருந்தார்: குழந்தையைச் சுற்ற நைந்த சேலைத் துண்டுகள், பூண்டு, பால் சுரக்கக் கொடுக்கும் கருவாடு, உள்ளங்கை அளவுச் சட்டை. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். என் அம்மாதான் கொடுத்தனுப்பினாள் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே கண்ணு!" முகமெல்லாம் சிரிப்பு.

"அது இவங்க சாக்குங்க," என்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

தப்பு தன்னுடையது போல அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கணவர் ஒவ்வொரு துணியாக மடித்தார். சாக்கைக் கட்டி, அவளை ஸ்டேஷனில் விட்டுவர அதைச் சைக்கிளில் ஏற்றினார். பிறகு அவளை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, நான் நின்ற சமையலறைக்கு வந்து, மெல்லக் கேட்டார்.

"நெசமாலுமே இல்லியா?"

சர்க்கரை இன்னும் என் நாக்கில் இருந்தது.

"இல்லீங்க," என்றேன்.