முத்துக் குளித்த முப்பாட்டன்

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் முப்பாட்டன் பைத்தியம் பிடித்தது. காரணம், புதிதாக வந்த சரித்திர சார். பாடப்புத்தகத்தில் கிரேக்கர்களுக்கு ஒதுக்கியிருந்தது ஒன்றரைப் பக்கம்தான். அதை வைத்துக்கொண்டு அவர் வாரக்கணக்கில் ஓட்டினார். ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, சண்டை, தேதி எதுவும் அவருக்கு முக்கியமில்லை. எந்தக் கூட்டத்துக்கு எவன் முதல் தகப்பன் என்பதுதான் அவருக்கு வேண்டும். போர்ட் பிளேயரில் வேறு பொழுதுபோக்கு இல்லாத காலம் அது. நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம்.

டியூக்கேலியன் என்று ஒருவன் பெருவெள்ளத்தில் பெட்டகம் செய்து தப்பித்தான் என்று சார் ஆரம்பித்ததும் பாதி வகுப்பு, "நோவா சார்!" என்று கத்தியது. "இவன் வேற ஆளு" என்றார் சார். அவன் மகன் ஹெல்லன். ஹெல்லன் வழி வந்ததால் கிரேக்கர்கள் தங்களை ஹெல்லனியர் என்று சொல்லிக்கொண்டார்கள். ஹெல்லனின் பிள்ளை டோரஸிடமிருந்து டோரியர், அயோலஸிடமிருந்து அயோலியர், பேரன் அயோனிடமிருந்து அயோனியர். எங்கள் வகுப்பில் ஹெலன் மேரி என்று ஒருத்தி இருந்தாள். கிரேக்கர்களின் முப்பாட்டன் மீசைக்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் நாய் படாத பாடு பட்டாள்.

"எல்லாக் கூட்டத்துக்கும் ஒரு முப்பாட்டன் வேணும். சில சமயம் ஜனங்க முதல்ல வந்துடுவாங்க, முப்பாட்டனை அப்புறமாத் தேடிப் பிடிப்பாங்க" என்று சார் சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. சிரித்து முடித்துவிட்டு வீட்டுப்பாடம் கொடுத்தார். அவரவர் குடும்பத்தில் இந்தத் தீவுக்கு முதலில் வந்தவர் யார், எதற்காக வந்தார் என்று வீட்டில் கேட்டு எழுதிவர வேண்டும்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத மனிதர் அவர். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் தீவில் ஒருவரைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்கலாம். எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்று கேட்கலாம். சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கலாம். தாத்தா ஏன் வந்தார் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். பழைய குடும்பங்களில் பாதிக்கு மேல் அந்தத் தாத்தா விலங்கு மாட்டிக்கொண்டு வந்தவர். கேட்பவருக்கும் அப்படி ஒரு தாத்தா இருப்பார். அதனால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஊர் நிம்மதியாக இருந்தது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார், அம்மாவின் தாத்தா. வலைத் தகராறில் ஒருவனைத் துடுப்பால் அடித்துக் கொன்றுவிட்டு, ஆயுள் தண்டனையோடு கப்பலேற்றப்பட்டவர். விடுதலையானதும் ஊருக்குத் திரும்ப முகமில்லாமல் இங்கேயே நிலம் வாங்கி, இங்கேயே கல்யாணம் செய்து, மாதா கோவிலுக்கும் ஒழுங்காகப் போய்ச் செத்தார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வீட்டில் நான் ஒருத்திதான் தெரியாதவள்.

அப்பா மெயின்லேண்டுக்காரர். ஹேடோ துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டினார். துறைமுகக் குவார்ட்டர்ஸில் எங்களோடு அம்மாவின் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். மாமா ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் ஃபெரி படகை ஓட்டும் சாரங்கு. தமிழும் இந்தியும் அவர் வாயில் ஒரே சட்டியில் வெந்தன. சித்திக்கு இருபத்தாறு வயது. இரண்டு சம்பந்தம் வந்து, தாத்தா எதற்கு வந்தார் என்ற இடத்தில் இரண்டும் முறிந்துபோயிருந்தன. இரண்டு தடவையும் உண்மையைச் சொன்னது அம்மா.

நான் நோட்டும் பென்சிலுமாகப் போய் நின்றபோது அம்மா அடுப்பை ஊத ஆரம்பித்துவிட்டாள். அப்பா, கப்பலில் வந்த பழைய பேப்பருக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டார். மாமாதான் கூப்பிட்டார்.

"அரே பேட்டி, இங்க வா. எழுது. என் தாத்தா பக்கா முத்துக்குளிக்கிற ஆளு. அந்த சமயத்துல வெள்ளைக்கார சாகிப்போட கப்பல் நங்கூரம் பாறையில மாட்டிக்கிச்சு. ஜஹாஸ் இப்படியும் போகல, அப்படியும் போகல. சாகிப் பரேஷான் ஆயிட்டார். 'நல்ல ஆளா ஒருத்தனை அனுப்பு'ன்னு மெட்ராஸுக்குத் தந்தி அடிச்சார். வந்தது யாரு? என் தாத்தா! ஒரே மூச்சு. கீழ போனார், நங்கூரத்தை எடுத்தார், அவ்வளவுதான், கதம்! சாகிப் குஷியாயி ஜமீன் குடுத்தார்."

சித்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் விடாமல் எழுதினேன்.

மறுநாள் என் முத்துக்குளிப்பவர் வகுப்பில் கைதட்டு வாங்கினார். கடைக்காரர் மகன் ஒருவன், துணி மூட்டையோடு வந்திறங்கிய தன் தாத்தாவைப் பற்றி வாசித்தான். பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்து, பிறகு தீவுக்குக் கப்பலேறிய பாட்டன் ஒருவர் இருந்தார். மற்றபடி பாதி வகுப்பு வெறும் தாளைக் கொண்டுவந்திருந்தது. "அப்பா அடிச்சார் சார்" என்று ஒரு பையன் எழுந்து சொன்னான். அன்றைக்கே தலைமையாசிரியர் சாரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு ஏதோ பேசினார். திரும்பி வந்த சார் முகம் சிவந்திருந்தது. தாள்களை வாங்கி வைத்துக்கொண்டவர், அதைப் பற்றி மறுபடி வாயே திறக்கவில்லை.

இதற்குள் கோவில் உபதேசியார், சாருக்குச் சித்தியைப் பேசலாம் என்று ஆரம்பித்திருந்தார். சாருக்கு இஷ்டம் என்று அவர் சொன்னார். சித்தியின் இஷ்டத்தை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. என் பள்ளிக்கூடத்தைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை விசாரிக்காதவள், தினமும் சாயங்காலம் நான் பையை வைப்பதற்குள், "இன்னிக்கு சார் என்ன கதை சொன்னார்?" என்று வந்து நிற்பாள். ஒரு வரி விடாமல் ஒப்பிக்க வேண்டும். கிரேக்கர்கள் மேல் சித்திக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பெண் பார்க்க சாரின் அக்கா மெட்ராஸ் கப்பலில் வந்தார். தாயில்லாத தம்பியை வளர்த்தவர் அவர்தான் என்பதால் அவர் சொல்தான் முடிவு. அதே கப்பல் சரக்கு இறக்கித் திரும்பும்போது அவரும் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சாரும் அக்காவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சூரைமீன் குழம்பை அக்கா வாய் நிறையப் பாராட்டினார். சித்தியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கண்ணுக்கு லெட்சணமாத்தான் இருக்கா" என்றார். எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. பிறகு அக்கா, "பெரியவுக எந்த ஊர்க்காரவுக? என்ன சோலியா இங்கன வந்தாவ?" என்று கேட்டார்.

அம்மா வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். இந்தத் தடவை நங்கூரத்தைச் சுற்றி ஒரு சுறா வந்தது. சாகிப் நிலத்தோடு மெடலும் கொடுத்தார்.

"அந்த மெடலு எங்க?" என்றார் அக்கா.

"ஜப்பான்காரன் எடுத்துட்டுப் போயிட்டான் அக்காஜி" என்றார் மாமா கொஞ்சமும் தயங்காமல். எங்கள் தீவில் காணாமல் போன எல்லாவற்றையும் ஜப்பான்காரன்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தான். இல்லாத சாமானையும் அவன் தலையில் கட்டலாம்.

நான் அப்போது சோறு போட்டுக்கொண்டிருந்த சித்தியின் முகத்தைப் பார்த்தேன். அவள் மாமாவைப் பார்க்கவில்லை, சாரைப் பார்த்தாள். சார் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"அட, நம்ம ஆளுவளா! எங்க கரையில முத்துக்குளிச்ச வீடு அத்தனையும் எனக்கு அத்துப்படி. பேரைச் சொல்லுங்க. ஊருக்குப் போன உடனே கோவில்ல விசாரிச்சு, மிச்சமிருக்க சொந்தக்காரவுகளையும் கல்யாணத்துக்குக் கூட்டியாந்திருதேன்."

உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, முத்துக்குளிக்கும் கரையிலிருந்து வந்த அக்காவிடமே முத்துக்குளிப்பவனைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார் மாமா. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அம்மா என்னைக் கூப்பிட்டு, கடையில் சோடா வாங்கிவரச் சொன்னாள். அப்போது நான், கதை சொல்லித் தொண்டை காய்ந்துபோன மாமாவுக்காக என்று நினைத்தேன்.

நான் சோடா பாட்டில்களோடு திரும்பியபோது அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. சார் என்னைத் தாண்டிப் போனார். தலையைக்கூடத் தடவவில்லை. மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுறாவை நுழைத்திருக்கக் கூடாது, அதைத்தான் அக்கா நம்பவில்லை என்று நான் முடிவு செய்தேன். அன்று நாலு சோடாவையும் நானே குடித்தேன், யாரும் தடுக்கவில்லை.

இடையில் நடந்ததைப் பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள். சித்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் எதிரில் வந்து நின்றிருக்கிறாள். "எங்க தாத்தா முத்துக் குளிச்சவர் இல்லை. ஒரு ஆளைக் கொன்னுட்டு கைதியா வந்தவர். எங்க அண்ணன் என் மேல உள்ள ஆசையில சொல்றார். நீங்க ஊர்ல போய் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிறதை விட நானே சொல்றது நல்லது" என்றிருக்கிறாள். அக்கா கையைக் கழுவிவிட்டார். "கொலைகார வீட்டுல பொண்ணெடுத்தா எங்க ஊரு காறித் துப்பும்" என்று மட்டும் சொன்னாராம். சார் ஒன்றும் சொல்லவில்லையாம். சித்திக்கு அக்கா சொன்னதைவிட அதுதான் தாங்க முடியாமல் போயிற்று.

கப்பல் போயிற்று. அக்காவும் போய்விட்டார். சார் போகவில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம் வரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் எழுந்து போய்விடுவார். சித்தி என்னிடம் கதை கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்க ஆளில்லாமல் எனக்குத்தான் வாய் நமநமத்தது.

ஒருநாள் சார் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தீப்ஸ் நகரத்துக்காரர்களின் முப்பாட்டன்மாரைப் பற்றிச் சொன்னார். காட்மஸ் ஒரு பெரிய பாம்பைக் கொன்று அதன் பற்களை நிலத்தில் விதைத்தான். விதைத்த இடத்திலெல்லாம் ஈட்டியும் கேடயமுமாக ஆட்கள் முளைத்தார்கள். முளைத்த வேகத்தில் ஒருவனை ஒருவன் வெட்டிச் சாய்த்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரை வைத்துத்தான் காட்மஸ் ஊரைக் கட்டினான். பிற்காலத்தில் அந்த ஊர்ப் பெரிய குடும்பங்கள் எல்லாம், நாங்கள் அந்த ஐவரின் வம்சம் என்று மார்தட்டிக்கொண்டன. இவ்வளவு நல்ல கதையை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது? கேட்காமலேயே சித்தியிடம் சொன்னேன்.

சித்தி என் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நின்றது.

"அந்த அஞ்சு பேரும் கொலை பண்ணினவங்கதானே?"

"ஆமா."

"அவங்களோட யாராவது சம்பந்தம் வச்சுக்கிட்டாங்களா?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாம்பு எவ்வளவு பெரியது என்று கேட்டிருக்கலாம், பல் எத்தனை என்று கேட்டிருக்கலாம். இருந்தாலும் கேள்வி புதிதாக இருந்தது. மறுநாள் வகுப்பு முடிந்ததும் என்னுடைய சொந்தக் கேள்வி மாதிரி சாரிடம் கேட்டேன்.

சார் கையிலிருந்த டஸ்டரை மேஜைமேல் வைத்தார். "இது நீயா யோசிச்சதா?" என்றார்.

"நானேதான் சார்."

"நல்ல கேள்வி. காட்மஸ் ராஜாவே தன் வீட்டுப் பொண்ணை அந்த அஞ்சு பேர்ல ஒருத்தனுக்குத்தான் கட்டிக் குடுத்தார். ராஜாவோட அக்காவுக்கு அதுல சம்மதமில்லை. அதனால ராஜா கொஞ்ச நாள் தைரியமில்லாம இருந்துட்டார். இருந்தது தப்புன்னு அவருக்கே தெரியும். அப்புறம், அக்கா என்ன சொன்னாலும் சரி, இந்தச் சம்பந்தம்தான்னு முடிவு பண்ணிட்டார்." போர்டைத் துடைக்கத் திரும்பியவர், "வீட்டுக்குப் போற வரைக்கும் மறந்துடாதே" என்றார்.

அந்தக் கதையை நான் அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்களில் படித்துவிட்டேன். எந்தப் புத்தகத்திலும் கல்யாணத்துக்கு முட்டுக்கட்டை போடும் அக்கா இல்லை. சித்தப்பாவிடம் கேட்டால், "நான் படிச்ச புத்தகத்துல இருந்தா" என்று கடைசிவரை சாதித்தார்.

அன்று ஓட்டமும் நடையுமாக வந்து, பையைக்கூட இறக்காமல் ஒப்பித்தேன். சித்தி அரிவாள்மனையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். "அப்படியேவா சொன்னார்? இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். ராஜா தைரியமில்லாமல் இருந்த இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னாள். அதையும் சொன்னேன். சித்தி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு மீன் செதில் ஒட்டிய கையோடு முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். எந்தக் காலத்திலேயோ, எங்கேயோ இருந்த ஒரு ராஜா வீட்டுப் பெண்ணுக்காக இப்படி உருகுகிறாளே என்று எனக்கு அவள் மேல் பரிதாபமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாத சித்தி. அதான் ராஜா சரின்னுட்டாரே. அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருந்திருப்பா."