நெல்லித்தோப்பில் பாரிஸ் நேரம்

நெல்லித்தோப்பில் அமுதவல்லி வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று ஊர் நேரம், இன்னொன்று பாரிஸ் நேரம். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் தப்பான கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகக் கதை பேசி, பஸ்ஸைக் கோட்டை விட்டதுண்டு.

மகள் பூர்ணிமா கல்யாணமாகிப் பாரிஸ் போன நாளிலிருந்து அமுதவல்லியின் வயிறும் அங்கேயே குடியேறிவிட்டது. அங்கே காலை எட்டு மணிக்கு மகள் வீடியோவில் வருவாள், இங்கே பதினொன்றரை. அதுவரை இட்லியைத் தொடமாட்டாள். மகளோடு சேர்ந்துதான் சாப்பாடு. இரவுச் சாப்பாடும் அதே கணக்கில் நடுநிசியைத் தொடும். குளிர்காலத்துக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைத்தபோது, நெல்லித்தோப்பு இட்லியும் பன்னிரண்டரைக்குத் தள்ளிப்போனதுதான் கூத்து.

"பிரெஞ்சு சர்க்கார் உத்தரவுடி, இன்னும் ஒரு மணி நேரம் பட்டினி கெட" என்றார் கணவர் ராஜவேல், ஏழரைக்கே தின்று ஏப்பம் விட்டபடி.

அமுதவல்லிக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர் சிந்துஜா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தை விசாரித்தார், சிரிக்கவும் செய்தார்.

"உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குதும்மா. வெளிச்சத்தப் பார்த்து ஓடுது. பகல்ல சாப்புட்டா சர்க்கரைய அதுவே சமாளிக்கும். நடுராத்திரி சாப்புட்டா, சமாளிக்க வேண்டியதெல்லாம் பாதித் தூக்கத்துல இருக்கும். உங்க கண்ணு இங்க விடியுது, வயிறு பாரிஸ்ல விடியுது. ஒரே ஊர்ல இருங்க. இல்லன்னா அடுத்த மாசம் இன்சுலின் ஊசிதான்."

முப்பது வருஷம் தையல் ஊசியோடு குடித்தனம் நடத்தியவள்தான் அமுதவல்லி. ஆனால் அது துணியில் ஏறும்வரைதான் சரி. உடம்பில் ஏறுவதென்றால் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. தனியாகச் சாப்பிட ஆரம்பித்தால் மகள் நிஜமாகவே தூரமாகிவிடுவாள்.

மறுநாள் எட்டு மணிக்கே இட்லி தின்றாள். பன்னிரண்டரைக்கு வெறும் தட்டை மடியில் வைத்து, அது தெரியாதபடி போனை உயர்த்திப் பிடித்து, மும்முரமாக மென்றாள். ராஜவேல் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பூர்ணி, உங்கம்மா வெறும் வாய மென்னுக்கினு கெடக்குறா!"

பாரிஸில் பூர்ணிமா தன் தட்டைத் தூக்கிக் காட்டினாள். அதிலும் ஒன்றுமில்லை.

"எனக்குக் காலைல காப்பிதாம்மா. அதுக்கே நேரம் பத்தல. மூணு வருஷமா உனக்காகத்தான் தட்ட வச்சிக்கினு வாய ஆட்டுறேன்."

அமுதவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"மூணு வருஷமா காலைல பட்டினியா? எழுந்து போ. ரொட்டிய எடுத்துக்கினு வா. நான் பாக்கணும்."

இப்போது அவள் காலை எட்டுக்குச் சாப்பிடுகிறாள், இரவு ஏழரைக்கே தட்டைக் கழுவிவிடுகிறாள். ஊசி தப்பியது. பாரிஸ் கடிகாரத்தைக் கழற்றிவிடலாமா என்று ராஜவேல் கேட்டுப் பார்த்தார். அவள் விடவில்லை. மகளின் தட்டு காலியாகும்வரை காவல் உட்கார வேண்டுமே.